கீமோவுக்குக் குடுத்த வாந்தி மாத்திரைங்க: ஊட்டுல மாத்திரை எடுத்துக் குடுக்கறவளோட ரிவ்யூ

ஒன்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன், அப்ரெபிடன்ட், ஒலான்சபின். இந்த நாலையும் பத்தி நெட்ல தேடுனா ஒண்ணு டாக்டருங்களுக்கு எழுதுன மாதிரி இருக்குது, இல்லாட்டி "இஞ்சிச்சாறு குடிங்க, எல்லாஞ் சரியாப்போயிரும்"னு இருக்குது. நடுவுல, ஊட்டுல அட்டையைப் பிரிச்சு மாத்திரை எடுத்துக் குடுக்கற ஆளுக்குன்னு எழுதுனது ஒண்ணையும் காணோம். அதனால நான் எழுதறேன். என்ற அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, மார்புல புத்துநோய்க் கட்டி. கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில கீமோ போட்டு கட்டியைச் சுருக்கிப்போட்டு பொறவு ஆபரேஷன் பண்ணாங்க. எங்கூடு கோபி பக்கம் தோட்டத்துல இருக்குது, கீமோ போட்டுட்டு வந்த பொறவு ராத்திரி என்ன ஆனாலும் கையில இருக்கற மாத்திரைதான் தொணை. நான் டாக்டரும் இல்ல நர்சும் இல்ல, ஒரு பனியன் கம்பெனிக்கு ஊட்டுல இருந்தே கணக்கு எழுதறவ. டோஸ் எல்லாம் எங்க சீட்டுல இருந்தது, உங்க சீட்டுல உங்க டாக்டரு என்ன எழுதியிருக்காரோ அதுதான் உங்களுக்கு.

தீர்ப்பை மொதல்லயே சொல்லிப்போடறேன். மாத்திரைங்க நல்ல மாத்திரைங்கதான், நெசமாவே வேலை செய்யுது. ஆனா எதை எப்பப் போடறது, கூட வேற என்ன மாத்திரை ஓடிட்டு இருக்குதுன்னு தெரியாம மெடிக்கல்ல போய் "வாந்திக்கு ஒண்ணு குடுங்கணா"ன்னு வாங்கியாந்து போடறது மட்டும் ஆகவே ஆகாது.

அத்தைக்குப் போட்டது டாக்சோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேந்த கீமோ. டாக்சோரூபிசின்தான் அந்த சிவப்பு ஊசி, போட்டு ஒண்ணு ரெண்டு நாளைக்கு ஒண்ணுக்கே செவசெவன்னு போகும், முன்னாடியே சொல்லி வெக்கலீன்னா ரத்தம்னு பயந்துருவாங்க. எல்லா கீமோ மருந்தும் ஒரே மாதிரி வாந்தி வர வெக்காதுங்க. சிஸ்பிளாட்டின், அப்பறம் எங்களுக்குப் போட்ட இந்த ஜோடி எல்லாம் உச்சத்துல இருக்குது, தடுப்பு மருந்து குடுக்கலீன்னா 100 பேர்ல 90 பேருக்கு மேல வாந்தி எடுத்துருவாங்களாம். ஆக்சாலிபிளாட்டின் மாதிரி மருந்து அதுக்கு அடுத்த வரிசை, பேக்லிடாக்சல் கம்மி, வின்கிறிஸ்டின் நெம்பவே கம்மி. அதனால பக்கத்துத் தோட்டத்துக்காரரு "எனக்கு ஒரு அட்டை எமெசெட்லயே (ஒன்டான்செட்ரான்தான் அது) சரியாப்போச்சுங், எதுக்கு இத்தனை மாத்திரை"ன்னு சொன்னாருன்னா, அவருக்குப் போட்ட மருந்து வேற, உங்களுக்குப் போட்டது வேற, அவ்வளவுதான். இதைப் புரிஞ்சுக்கிட்டாலே ஒரம்பரை வந்து சொல்ற ரோசனைல பாதியை இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுறலாம்.

அடுத்தது நேரம். கீமோ போட்ட அன்னைக்கு 24 மணி நேரத்துக்குள்ள வர்றது ஒரு வகை, ஒரு நாள் கழிச்சு ஆரம்பிச்சு ரெண்டாவது மூணாவது நாள்ல உச்சத்துக்குப் போய் அஞ்சு நாள் வரைக்கும் இழுக்கறது இன்னொரு வகை. ரெண்டுக்கும் காரணமே வேறயாம். மொதல் நாள் வர்றது குடல்ல இருந்து செரட்டோனின்னு ஒண்ணு கொட்டறதால, பின்னாடி வர்றதுக்கு மூளைல சப்ஸ்டன்ஸ் பின்னு இன்னொரு சமாச்சாரம். மொதல் வாட்டி கீமோவுல எங்களுக்கு ஒன்டான்செட்ரானும் டெக்ஸாவும் (டெக்ஸாமெத்தசோன்) மட்டுந்தான் குடுத்தாங்க, அன்னைக்கு ஊட்டுக்கு வந்து தயிருஞ்சோறு தின்னுபோட்டு நல்லாத் தூங்குனாங்க, ஆஹா இவ்வளவுதானான்னு நெனச்சோம். மூணாவது நாள் காத்தால ஆரம்பிச்சது பாருங்க, வெறும் வயித்துலயே ஓங்கரிச்சு ஓங்கரிச்சு பச்சைத் தண்ணியா வருது, தண்ணி ஒரு வாய் குடிச்சா ரெண்டு வாய் வருது. அதை அடுத்த ஓபில சொன்ன பொறவுதான் அப்ரெபிடன்டும் ஒலான்சபினும் சேந்துச்சு. அதனால வாந்தி வந்தா "கீமோன்னா அப்படித்தான் இருக்கும்"னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்காதீங்க, எத்தனையாவது நாள், எத்தனை வாட்டி, என்ன தங்குச்சுன்னு ஒரு நோட்டுல எழுதிக்கிட்டுப் போய் டாக்டர்கிட்டக் காட்டுங்க, அடுத்த வாட்டிக்கு மருந்தை மாத்துவாங்க.

இன்னொண்ணு, இந்த மாத்திரைங்க எல்லாம் வாந்தி வராம இருக்கறதுக்குத்தான். "இப்ப நல்லாத்தான இருக்குது, எதுக்கு மாத்திரை"ன்னு அத்தை ஒவ்வொரு வேளையும் சண்டைக்கு வருவாங்க. மடை ஒடஞ்ச பொறவு மம்முட்டியைத் தேடற கதைதான் அது. சீட்டுல 8 மணின்னா 8 மணி, குமட்டல் இருக்குதோ இல்லியோ போட்டே ஆகோணும். "தேவைப்பட்டா மட்டும்"னு தனியா எழுதிக் குடுத்தது வேற, அதை இதோட கலக்கக் கூடாது. ரெண்டையும் ரெண்டு டப்பாவுல வெச்சு மேல ஸ்கெட்ச்ல எழுதி வெச்சேன், மாமனாருக்குக் கண்ணு சரியாத் தெரியாது, அவரு எடுத்துக் குடுத்தாலும் மாறக் கூடாதுன்னு.

சரி ஒவ்வொண்ணா வரேன்.

ஒன்டான்செட்ரான். எமெசெட், ஓண்டெம், வோமிகைண்டுன்னு ஆயிரம் பேர்ல வருது, உள்ள இருக்கறது ஒண்ணுதான். 1991ல அமெரிக்காவுல அனுமதி கெடச்சுது, அதுக்கு முன்னாடி கீமோ போட்டவங்க பட்ட பாடு வேறன்னு வார்டுல ஒரு வயசான சிஸ்டர் சொல்லுவாங்க. வெலையும் கம்மி, தூக்கம் வராது, மயக்கம் வராது, மொதல் நாளுக்குக் கெட்டிக்கார மருந்து. வாயில கரையற எம்டி மாத்திரைன்னா ஒரு விசயம் கவனிங்க, மத்த மாத்திரை மாதிரி அட்டையை அமுக்கிப் பிதுக்குனா பொடிப்பொடியாப் போயிரும். கையைத் தொடச்சு ஈரமில்லாம வெச்சுக்கிட்டு, பின்னாடி இருக்கற தாளை உரிச்சு எடுத்து, நாக்கு மேல வெச்சா சித்த நேரத்துல கரைஞ்சுரும், தண்ணியே வேண்டாம், தண்ணி குடிச்சாலே வாந்தி வர்றவங்களுக்கு இது எத்தனை பெரிய உதவின்னு பட்டவங்களுக்குத்தான் தெரியும். ஆனா அட்டை மேல எம்டின்னு போட்டிருந்தாத்தான் இது, சாதா மாத்திரையைத் தண்ணியோட முழுங்கோணும்.

கொறைன்னு பாத்தா மலச்சிக்கல். சும்மா இல்லீங்க, நெம்ப மோசமான மலச்சிக்கல். கூட டிரமடால், மார்பின் மாதிரி வலி மாத்திரையும் ஓடுச்சுன்னா கேக்கவே வேண்டாம், நாலு நாள் அஞ்சு நாள் வெளிக்கே போகாம வயிறு உப்பி, அந்த உப்புசத்துலயே திரும்ப வாந்தி வரும், அதுக்கு இன்னொரு ஒன்டான்செட்ரான் போட்டா இன்னும் கெட்டிப்படும். எங்க டாக்டரு கீமோ அன்னைக்கு ராத்திரியில இருந்தே லாக்டுலோஸ் சிரப் எழுதிக் குடுத்துட்டாரு. வயிறு கல்லாட்டம் உப்பி, காத்துகூடப் பிரியாம, வாந்தியும் வருதுன்னா அது குடல் அடைப்பா இருக்கலாம், அப்ப மாத்திரை போட்டுட்டு ஊட்டுல உக்காந்திருக்கக் கூடாது, அதுவும் வயித்துல ஆபரேஷன் ஆனவங்க சுத்தமாக் கூடாது. வாந்தி மாத்திரை வாந்தியை அமுக்கி வெச்சு உள்ள நடக்கறதை மறைச்சுப்போடும்.

தலைவலியும் வரும், அது சாதாரணம். சாதாரணம் இல்லாதது இதயம். இதயத் துடிப்பு ஒண்ணு முடிஞ்சு அடுத்ததுக்குக் கரண்ட் திரும்பத் தயாராகற நேரம் இருக்குதே, ஈசிஜில க்யூடின்னு சொல்லுவாங்க, ஒன்டான்செட்ரான் அதை நீட்டி விடும். நெறையப் பேருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா டோஸ் அதிகமானா, ஏற்கனவே இதயக் கோளாறு இருந்தா, இல்ல வாந்தி பேதியில பொட்டாசியமும் மெக்னீசியமும் கொறஞ்சு போயிருந்தா, துடிப்பு தாறுமாறாப் போற ஆபத்து உண்டு. இதனாலதான் நரம்புல ஒரே வாட்டியா 32 எம்ஜி போடற பழக்கத்தை அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எப்டிஏ 2012ல நிறுத்தச் சொல்லிருச்சு, ஒரு வாட்டிக்கு 16க்கு மேல ஊசி கூடாதுன்னு வரம்பு கட்டிருச்சு. ஈரல் ரொம்பக் கெட்டிருந்தா நாளைக்கு 8 எம்ஜி தாண்டக் கூடாது. நான் பயமுறுத்தறதுக்காகச் சொல்லலீங்க, "வாந்தி மாத்திரைதான, இன்னொண்ணு போட்டா என்ன"ன்னு நெனைக்கறவங்களுக்காகச் சொல்றேன்.

ரெண்டாவது கீமோவுல இருந்து ஒன்டான்செட்ரான் ஊசிக்குப் பதிலா பலோனோசெட்ரான் போட்டாங்க. அதே வகைதான், ஆனா ஒடம்புல நெம்ப நேரம் நிக்கும், பாதியாக் கொறையறதுக்கே சுமாரா 40 மணி நேரம் ஆகுமாம். இதுல ஒரு சூட்சுமம் இருக்குது, பார்மசி கவுன்டர்ல இருந்த பொண்ணு சொல்லிக் குடுத்துச்சு. "அக்கா, இந்த ஊசி போட்டதுக்கு அப்பறம் ரெண்டு மூணு நாளைக்கு வீட்டுல பழைய எமெசெட் அட்டை இருந்தா எடுத்துக் குடுக்காதீங்க, ரெண்டும் ஒரே பூட்டைத்தான் பூட்டுது, மலச்சிக்கல்தான் மிச்சம், குமட்டல் வந்தா டாக்டர் எழுதுன வேற வகை மாத்திரையைக் குடுங்க, இல்லாட்டி போன் பண்ணுங்க"ன்னு. இந்த ஒத்தைத் தகவலுக்காகவே அந்தப் பொண்ணுக்கு அஞ்சு ஸ்டாரு. சீட்டையும் மாத்திரைக் கவரையும் கவுன்டர்ல தூக்கி எறியாத கொறையாக் குடுக்கற எடந்தான் நெறையப் பாத்திருக்கறோம்.

டெக்ஸாமெத்தசோன். சின்ன மாத்திரை, காசு ஒண்ணுமே இல்ல, ஆனா வேலை பெருசு. ஸ்டீராய்டுன்னதும் மாமனாரு பதறிப்போனாரு, ஓரிரு நாளைக்குக் குடுக்கறதுக்கும் மாசக்கணக்கா திங்கறதுக்கும் வித்தியாசம் இருக்குதுன்னு டாக்டரு சொன்ன பொறவுதான் அடங்குனாரு. எங்களுக்கு கீமோ அன்னைக்கு மட்டுந்தான், சிஸ்பிளாட்டின் போடறவங்களுக்கு அடுத்த ரெண்டு மூணு நாளும் தொடருவாங்க. சாப்பிட்டுப்போட்டு, காத்தால நேரத்துல குடுக்கோணும், சாயங்காலம் குடுத்தா ராத்திரி பூரா தூக்கமில்லாம கட்டல்ல உக்காந்து பழைய கதையெல்லாம் பேசிட்டு இருப்பாங்க, எங்கத்தை எங்க கல்யாணத்துல யாரு மொய் எழுதலீங்கறது வரைக்கும் ஞாபகப்படுத்திச் சொன்னாங்க. சுகர் இருக்கறவங்களுக்குத்தான் பெரிய தலைவலி. அத்தைக்குச் சுகர் உண்டு, மொதல் கீமோ அன்னைக்குச் சாயங்காலம் முந்நூறைத் தாண்டிருச்சு. டாக்டரு இன்சுலினை அந்த ரெண்டு நாளைக்கு மட்டும் கூட்டி எழுதிக் குடுத்தாரு, டெக்ஸா நின்னதும் கூட்டுனதைக் கொறைக்கோணும், இல்லாட்டி சுகர் கீழ எறங்கிப்போயிரும், அதுவும் சாப்பாடு எறங்காத நேரத்துல. சுகர் இருந்தா கீமோ தேதிக்கு முன்னாடியே இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

டெக்ஸா ஊசியில இன்னொரு சமாச்சாரம், பொம்பளைங்க யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க. நரம்புல வெடுக்குன்னு ஏத்துனா அடியில, அந்தரங்கமான எடத்துல, திடீர்னு அரிப்பும் எரிச்சலுமாப் பொசுக்கும். அத்தை ஒரு வாட்டி கட்டல்ல இருந்து துள்ளி எந்திரிச்சுட்டாங்க, என்னன்னு கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க, பொறவு காதுல சொன்னாங்க. சிஸ்டர்கிட்டக் கேட்டா "அது இந்த ஊசிக்கு ஆகறதுதான்மா, ஒண்ணும் பயமில்ல, சட்டுனு அடங்கிரும்"னாங்க. அடுத்த வாட்டியில இருந்து சலைன்ல கலந்து மெதுவா ஏத்தச் சொன்னோம், வரவே இல்ல. கூச்சப்படாமக் கேளுங்க.

அப்ரெபிடன்ட். ரெண்டாம் நாள் மூணாம் நாள் வாந்திக்கு இதுதான் ராஜா. மூணு கேப்சூல் ஒரே டப்பாவுல வருது, மொத நாளுக்கு 125 எம்ஜி, அடுத்த ரெண்டு நாளைக்கு 80, 80. மத்ததோட ஒப்பிட்டா வெலைதான் கொஞ்சம் சுருக்குனு இருக்குது. மொத கேப்சூலை கீமோ ஏறறதுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி போடோணும். இங்கதான் எங்களை மாதிரி தூரத்துல இருந்து போறவங்க கவனிக்கோணும். புளியம்பட்டி, அன்னூர்னு காருல போயிட்டு இருக்கறப்பவே நேரம் ஆச்சேன்னு முழுங்கிறக் கூடாது. அங்க போயி ரத்தம் குடுத்து, கவுண்டு (ரத்த அணு எண்ணிக்கை) பாத்து, இன்னைக்கு கீமோ உண்டுன்னு டாக்டரு சொன்ன பொறவுதான். கவுண்டு பத்தலீன்னு திருப்பி அனுப்பிச்சாங்கன்னா அத்தனை வெலை கேப்சூல் வீண்.

இந்த கேப்சூல் ஈரல்ல மத்த மருந்தைக் கரைக்கற வேலையை மந்தமாக்கிரும். அதனால டெக்ஸா ஒடம்புல ஏறிப்போயிரும்னு அதோட டோஸைக் கொறைச்சுத்தான் குடுப்பாங்க, 20 குடுக்கற எடத்துல 12. நீங்களா பழைய சீட்டு டோஸை எடுத்துக் குடுக்காதீங்க. வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை திங்கறவங்க ரத்தம் உறையற நேரத்தைச் சொல்ற ஐஎன்ஆர் டெஸ்ட்டைத் திரும்பப் பாக்கோணும். வயசுப் பொம்பளைங்க கர்ப்பத்தடை மாத்திரை எடுத்துக்கிட்டு இருந்தா அது சரியா வேலை செய்யாது, கேப்சூல் முடிஞ்சு ஒரு மாசம் வரைக்கும் வேற வழியும் சேத்துப் பாத்துக்கோணும், கீமோ நடக்கறப்ப கர்ப்பம் ஆகவே கூடாதுங்கறதால இது சின்ன விசயம் இல்ல.

இப்ப ஒலான்சபின். எங்கூட்டுல பெரிய கலவரம் பண்ணது இதுதான். ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே கொழுந்தனாரு போன்ல தேடிப் பாத்துப்போட்டு "அண்ணி, இது மனநோய்க்குக் குடுக்கற மாத்திரையாமா, அம்மாவுக்கு எதுக்கு இது, மாத்திக் குடுத்துட்டாங்களா"ன்னு சத்தம் போட, அத்தை "எனக்குப் பைத்தியம் புடிச்சுப்போச்சுன்னு எழுதிப்போட்டானா அந்த டாக்டரு"ன்னு அழுக, ஒரே ரகளை. நெசந்தான், அது மனநோய்க்கு வந்த மாத்திரைதான். ஆனா மூளைல வாந்தியைக் கெளப்பற பல எடத்தையும் ஒரே நேரத்துல அடைக்கறதால கீமோ வாந்திக்கு நெம்ப நல்லா நிக்குதுன்னு 2016ல அமெரிக்காவுல பெரிய ஆராய்ச்சியே வந்துச்சு, அதுல 10 எம்ஜி குடுத்துப் பாத்தாங்க. அந்த டோஸ்ல தூக்கம் ஜாஸ்தி. நம்ம மும்பை டாடா மெமோரியல் டாக்டருங்க 2.5 எம்ஜி குடுத்தாலே வாந்திக்கு 10க்குச் சளைக்காம நிக்குது, தூக்கக் கலக்கமும் கம்மின்னு 2024ல லான்செட் ஆன்காலஜிங்கற மருத்துவப் பத்திரிகையில போட்டாங்க. எங்களுக்கு நாலு நாளைக்கு மட்டும், ராத்திரி படுக்கப் போறப்ப. நாலு நாளைக்குச் சின்ன டோஸ் தின்னா யாரும் எதுவும் ஆயிர மாட்டாங்க.

என்ன பண்ணுச்சுன்னு கேட்டீங்கன்னா, மூணாம் நாள் காத்தால எந்திரிச்சு "அம்மிணி, ரெண்டு இட்லி கொண்டா"ன்னாங்க. மொதல் கீமோவோட மூணாம் நாளைப் பாத்தவங்களுக்குத்தான் அந்த ரெண்டு இட்லியோட அருமை தெரியும். என்ற கணக்குல நாலு மாத்திரைல இதுக்குத்தான் மொத எடம்.

ஆனா விழுந்துராமப் பாத்துக்கோணும். தோட்டத்து ஊட்டுல கக்கூஸ் வாசலுக்கு அக்கட்டால இருக்குது, ராத்திரி ஒண்ணுக்கு எந்திரிச்சா கால் தள்ளாடும், பொக்குனு எந்திரிச்சா பிரஷர் எறங்கித் தலை சுத்தும். அந்த நாலு நாளும் கட்டலுக்குப் பக்கத்துலயே பாய் போட்டுப் படுத்துக்கிட்டோம், ராத்திரி லைட்டை அணைக்கறதில்ல. வயசானவங்கன்னா இதை விளையாட்டா எடுக்காதீங்க, கீமோ நேரத்துல ரத்தத்தை உறைய வெக்கற தட்டணு கம்மியா இருக்கறப்ப விழுந்து தலைல அடிபட்டா ரத்தம் உள்ளயே கசியும். மாத்திரை போட்ட பொறவு வண்டி ஓட்டறது கூடாது. தூக்க மாத்திரை, நரம்பு மாத்திரை, வலிக்கு மார்பின் வகை ஏதாவது கூட ஓடுதுன்னா டாக்டருக்குச் சொல்லியே ஆகோணும், எல்லாஞ் சேந்தா மூச்சே மந்தமாயிரும். சுகரையும் இது கொஞ்சம் ஏத்தும்.

இனி எங்க சீட்டுல இல்லாத ரெண்டு பேரைப் பத்தி. மெடோகுளோபிரமைடு, பெரிநார்ம்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். எந்தக் கிளினிக் போனாலும் வாந்தின்னா இந்த ஊசிதான். பழைய மருந்து, சரியான ஆளுக்குச் சரியான டோஸ்ல நல்ல மருந்துதான். ஆனா என்ற நாத்தனாரு பொண்ணு, காலேஜ் படிக்கற புள்ளை, வயித்து வலி வாந்தின்னு டவுனுக்குள்ள ஒரு கிளினிக்ல ஊசி போட்டுக்கிட்டு வந்துச்சு, கையில அதே மருந்து மாத்திரையும் குடுத்து விட்டிருக்காங்க, என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. சாயங்காலம் கழுத்து ஒரு பக்கமாத் திருகிக்கிச்சு, கண்ணு முழி மேல சொருகிக்கிச்சு, தாடை இறுகி வாய் பேச முடியல. ஊட்டுல இருந்த கெழவிங்க கருப்பு அடிச்சிருக்குதுன்னு திருநீறு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போகலாம்னாங்க. நல்லவேளை பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க, அங்க டூட்டி டாக்டரு பாத்ததும் "வாந்திக்கு ஊசி போட்டீங்களா"ன்னுதான் மொதக் கேள்வி. ஃபெனர்கன் ஊசி போட்டாரு, சித்த நேரத்துல கழுத்து நேராச்சு. சின்ன வயசுக்காரங்களுக்கு இது ஜாஸ்தி வருமாம். அதனாலதான் ஐரோப்பாவுல 2013லயே நாளைக்கு 30 எம்ஜி, அஞ்சு நாளைக்கு மேல வேண்டாம்னு சொல்லிட்டாங்க, மாசக்கணக்கா தின்னா வாயும் நாக்கும் தானா அசையற கோளாறு வந்து நிக்காமயே போயிரலாம்னு அமெரிக்காவுல 2009ல கட்டம் கட்டி எச்சரிக்கை போட வெச்சாங்க. ஒலான்சபின் ஓடறப்ப இதைச் சேத்துப் போடக் கூடாது, ரெண்டும் மூளைல ஒரே எடத்துலதான் கை வெக்குது.

இன்னொண்ணு டொம்பெரிடோன். இதைத் தனியா யாரும் கேட்டு வாங்கறதில்ல, கேஸ் மாத்திரைக்குள்ள ஒளிஞ்சு வருது. பான்-டின்னு தெனமும் காத்தால வெறும் வயித்துல போடறாங்க பாருங்க, அந்த டிதான் டொம்பெரிடோன். இதுவும் ஒன்டான்செட்ரான் மாதிரியே க்யூடியை நீட்டும். கீமோ நடக்கறப்ப வாயில வெள்ளை படிஞ்சா புளூகோனசோல் குடுப்பாங்க, சளி காய்ச்சல்னா அசித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின்னு குடுப்பாங்க, இதுக எல்லாமே அதே வேலையைப் பண்ணும். ஒவ்வொண்ணும் தனித்தனி டாக்டரு எழுதுனது, ஒவ்வொண்ணும் தனியாப் பாத்தா சரிதான், எல்லாம் ஒரே நாள்ல ஒரே வயித்துக்குள்ள போறது யாருக்கும் தெரியறதில்ல. வேற எங்க காட்டுனாலும் கீமோ சீட்டை நீட்டிப்போட்டுத்தான் பேச்சே ஆரம்பிக்கோணும். நான் எல்லா அட்டையையும் பரப்பி வெச்சு ஒரு போட்டோ எடுத்து போன்ல வெச்சிருந்தேன், டாக்டருங்க அதைத்தான் மொதல்ல வாங்கிப் பாத்தாங்க. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கறவங்க, டிரமடால் எடுக்கறவங்களும் சொல்லோணும், ஒன்டான்செட்ரானோட சேந்தா அபூர்வமா நடுக்கம், வேர்வை, குழப்பம்னு செரட்டோனின் ஏறிப்போற ஆபத்து உண்டு.

மூணாவது நாலாவது கீமோ வர்றப்ப புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுச்சு, ஆஸ்பத்திரி லிஃப்ட்ல அந்த மருந்து வாசம் வந்ததுமே அத்தைக்குக் குமட்டும், ஊசியே போடல இன்னும். மனசு முன்னாடியே பழகிக்கறதாம். அதுக்கு முந்தின ராத்திரிக்கு லோரசிபாம் எழுதுனாங்க, தூக்கம் வரவெக்கற மாத்திரை, அன்னைக்கு ஒலான்சபினும் இருந்தா எதை எப்பன்னு கேட்டுக்கோணும். மூக்குல எலுமிச்சம்பழம் வெச்சுக்கறது மருந்து இல்லதான், ஆனா அத்தைக்கு நல்லாவே ஒத்துக்கிச்சு.

ஆபரேஷன். இதுல வாந்தி வேற கணக்கு. மயக்க டாக்டரு மொத நாள் வந்து நாலே கேள்வி கேட்டாரு. பஸ்ஸுல போனா வாந்தி வருமான்னாரு. அத்தைக்குத் திம்பம் மலைல 27 கொண்டை ஊசி வளைவு இருக்குதே, ஆறாவது வளைவு தாண்டறதுக்குள்ள கவர் நிறைஞ்சுரும். பொம்பளை, பீடி சிகரெட்டு இல்ல, வண்டி வாந்தி உண்டு, ஆபரேஷன் முடிஞ்சு மார்பின் வகை வலி ஊசி போடப் போறாங்க, நாலுக்கு நாலு. 1999ல அப்ஃபெல்னு ஒரு ஜெர்மன் டாக்டரு கொண்டு வந்த கணக்காம் இது, நாலும் இருந்தா 100க்கு 80 பேருக்குத் தடுப்பு இல்லாட்டி வாந்தி வருமாம். சிகரெட் புடிச்சா கம்மியாகுதுங்கறது மட்டும் என்ன நியாயமோ தெரியல, மாமனாருக்கு இதைச் சொல்லவே இல்ல. அதனால அவரு கேஸ் மயக்கத்துக்குப் பதிலா புரோபஃபால் ட்ரிப்ஸ்லயே மயக்கம் குடுத்து, ஆரம்பத்துல டெக்ஸா, முடியறப்ப ஒன்டான்செட்ரான் 4 எம்ஜின்னு போட்டாரு. டெக்ஸாவைத் தூங்குன பொறவுதான் போட்டாங்களாம், அந்த எரிச்சல் சமாச்சாரம் அவங்களுக்கும் தெரிஞ்சுதான் இருக்குது. ராத்திரி ஒரு வாட்டி குமட்டுச்சு, அப்ப சிஸ்டர் மறுபடி ஒன்டான்செட்ரான் எடுக்காம டாக்டரைக் கேட்டு வேற வகை போட்டாங்க. ஆறு மணி நேரத்துக்குள்ள அதையே திரும்பப் போட்டா பெருசாப் பிரயோசனம் இல்லியாம். மயக்க டாக்டருகிட்டக் கீமோவுல என்ன என்ன வாந்தி மருந்து ஒத்துக்கிச்சு, எது ஒத்துக்கலங்கறதைச் சொல்லிருங்க, டாக்சோரூபிசின் போட்டதையும் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டையும் கையோட குடுத்துருங்க.

கைவைத்தியம் கேப்பீங்க. சுக்குமல்லிக் காப்பி கொஞ்சமாக் குடுத்தோம், டாக்டரைக் கேட்டுத்தான், தொண்டைக்கு எதமா இருந்துச்சு, வாந்தியை நிறுத்துச்சுன்னு சொல்ல மாட்டேன். கையோட உள்பக்கம் மணிக்கட்டு ரேகையில இருந்து முழங்கைப் பக்கமா மூணு விரக்கடை தள்ளி நடுவுல அமுக்கறதுக்கு ஆபரேஷன் வாந்திக்குக் கொஞ்சம் பலன் உண்டுன்னு ஆராய்ச்சியே சொல்லுது, காசா பணமா. சோறு சூடா இருந்தா வாசம் தூக்கும், ஆறுனது நல்லது. அத்தைக்கு உசுரான அரிசியும்பருப்புஞ் சோறு, நெய் வாசம் வந்தாலே ஆகல, பச்சைப்புளி ரசந்தான் எறங்குச்சு. ஒரு ஊர்ல இருந்து கொண்டாந்த லேகியம் மட்டும் வாசப்படி தாண்டல, உள்ள என்ன இருக்குதுன்னு குடுத்தவருக்கே தெரியாததை கீமோ நடக்கறப்ப எப்படிக் குடுக்கறது.

எப்ப மாத்திரையை நம்பாம வண்டி ஏறோணும்னா, ஒரு நாள் பூரா தண்ணிகூடத் தங்கலீன்னா, ஒண்ணுக்கு கொறஞ்சு கருமஞ்சளாப் போனா, வாந்தியில ரத்தமோ காப்பித்தூள் மாதிரியோ வந்தா, நெஞ்சு படபடன்னு அடிச்சு மயக்கம் வந்தா, பேச்சு கொழறுனா. காய்ச்சல் 100.4 தொட்டா வாந்தி இருந்தாலும் இல்லாட்டியும் அப்பவே போகோணும், பாரசிட்டமால் போட்டு விடியட்டும்னு இருக்கக் கூடாது. மாத்திரை போட்டு அரை மணிக்குள்ள வாந்தியில வந்துருச்சுன்னா நீங்களா இன்னொண்ணு போடாம ஆஸ்பத்திரி நம்பருக்குக் கூப்புட்டுக் கேளுங்க, எந்த மாத்திரைங்கறதைப் பொறுத்து பதில் மாறும்.

வெலைக்கு ஒரு வார்த்தை. மக்கள் மருந்தகத்துலயும், 2025ல ஆரம்பிச்ச முதல்வர் மருந்தகத்துலயும் உள்ள இருக்கற மருந்துப் பேரைச் சொல்லிக் கேளுங்க, கெடச்சா நல்லாவே மிச்சமாகும். அப்ரெபிடன்ட் மட்டும் சின்ன ஊர் மெடிக்கல்ல வெச்சிருக்க மாட்டாங்க, ஆஸ்பத்திரியிலயே வாங்கிட்டு வந்துருங்க.

எல்லாம் முடிஞ்சு மிச்சமான அட்டைங்களைப் பத்தி. பக்கத்துத் தோட்டத்து அக்கா, மருமக மாசமா இருக்குது, காத்தால ஒரே வாந்தி, உங்கூட்டுல எமெசெட் இருக்குதாமாம்னு வந்து நின்னாங்க. குடுக்கல. மொத மூணு மாசத்துல ஒன்டான்செட்ரான் எடுத்தா கொழந்தைக்கு ஒதடு அண்ணம் பிளவு வர்ற வாய்ப்பு லேசாக் கூடுதுன்னு 2019ல ஐரோப்பாவுல எச்சரிக்கை குடுத்திருக்காங்க, வேணுமா வேண்டாமான்னு அந்தப் புள்ளையப் பாக்கற டாக்டரம்மாதான் சொல்லோணும். அக்காவுக்குக் கொஞ்சம் மனஸ்தாபந்தான், ரெண்டு நாள் பால் ஊத்த எங்கூட்டு வழியா வரல. மூணாம் நாள் அவங்களே வந்து, டாக்டரம்மா வேற மாத்திரை எழுதிக் குடுத்திருக்குதுன்னு சீட்டைக் காட்டி, இது என்ன ஏதுன்னு படிச்சுச் சொல்லு அம்மிணின்னாங்க.